பதினாலாம் கட்டில் கஸ்தூரி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பைபாஸ் ரோடாம். அந்த ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாற்பது கிலோமீட்டருக்குள்ளே நாலு நர்சிங் காலேஜாம். எது எப்படி என்று உள்ளே படுத்துப் பார்த்தவள் அந்த ஊரில் ஒருத்தி இருந்தாளாம், அவளோ வாயைத் திறக்க மாட்டேன் என்று இருந்தாளாம். அவள் பெயர் தங்கபுஷ்பம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவள், அதாவது மரச்சட்டத்தில் தீக்குச்சி செருகுகிறவள். விரல் இடுக்கில் எப்போதும் குச்சித் தூள் இருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வைரமணி நர்சிங் காலேஜின் அட்மிஷன் ஹாலில், ஒன்றோடொன்று ஒட்டிய இரும்பு நாற்காலி வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் அனுசியா. மகள் மடியில் பிளாஸ்டிக் ஃபைல், ஃபைலுக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள். கையில் டோக்கன் முப்பத்தெட்டு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இப்போதுதான் முப்பத்தொன்று என்று கூப்பிட்டாள். இன்னும் ஏழு. ஏழு பேர் போய் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இனி எப்போதுமே சொல்லக் கூடாது. ஃபைல் அந்தக் கண்ணாடிக்கு அடியில் போய்விட்டால் நாலு வருசத்துக்குத் திரும்பி வராது என்று பஸ்ஸிலேயே ரெண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஏழு பேர் என்றால் எவ்வளவு நேரம்? ஒரு ஆளுக்கு ஐந்து நிமிசம் என்றால் அரை மணிக்கு மேலே. அரை மணி நேரத்தில் அவள் ஆபீஸில் எத்தனையோ கட்டை அடுக்கிவிடுவாள், குனிந்த தலை நிமிராமல். இங்கே ஒரே ஒரு சொல்லை எடுத்து அடுக்க முடியவில்லை. மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஏ அனுசு, இந்தக் காலேஜ் வேண்டாம். ஏம்மா? ஏனென்றால். அந்த ஏனென்றால் வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

அனுசியா லாங்சைஸ் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒரு மாசமாக அவளுக்கு அதுதான் வேலை. அரசு காலேஜ்: மார்க் எட்டவில்லை, அதனால் அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு. சிமெண்ட் கடை மாடியில் நடக்கிற இன்ஸ்டிடியூட்: அங்கீகாரமே இல்லை, பக்கத்தில் ஒரு சிரிப்பு மூஞ்சி. மிஷன் ஆஸ்பத்திரி: ஓட்டுக் கட்டடம், டிகிரி கிடையாது, மூணு வருச டிப்ளமோ, ஹாஸ்டலில்தான் இருக்க வேண்டும், செல்போன் கூடாது, எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை. வைரமணி: பி.எஸ்சி., காலேஜ் பஸ் தெரு முக்குக்கே வரும், லேப்பில் கண்ணைத் திறந்து மூடுகிற பொம்மை, முந்நூறு படுக்கை ஆஸ்பத்திரி. அந்த முந்நூறுக்கு அடியில் சிவப்பு மையில் ரெண்டு கோடு. தங்கபுஷ்பத்தின் கண் திரும்பத் திரும்ப அந்த முந்நூறிலேயே போய் முட்டியது. முந்நூறாம். அன்றைக்கு வேன் எத்தனை வந்தது, ஆறா ஏழா? ஒரு வேனுக்கு இருபது பேர் என்று வைத்தாலும். சீ, இப்போது எதற்கு அந்தக் கணக்கு. சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் கையில் மெழுகுவர்த்தியோடு நடந்து வந்தார்கள், நடந்து போனார்கள், மறுபடியும் முதலிலிருந்து நடந்து வந்தார்கள்.

"எத்தனாவது காலேஜ் தங்கச்சி இது ஒங்களுக்கு?" என்று இந்தப் பக்கத்து நாற்காலி கேட்டது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த குருவம்மாள். உட்கார்ந்த அஞ்சாவது நிமிசமே பெயர், ஊர், மூட்டுவலி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பக்கம் அவள் மகள் செல்போனுக்குள்ளேயே குடியிருந்தாள்.

"ரெண்டாவதுக்கா."

"எங்களுக்கு அஞ்சாவது. ஒரு சேல எடுக்கவே நாலு கடை ஏறி எறங்குறோம், புள்ள படிப்புக்கு ஏறி எறங்க மாட்டமா? நான் எந்தக் காலேஜுக்குப் போனாலும் மொதல்ல பாத்ரூமத்தான் பாப்பேன். வாசல்ல கண்ணாடி போட்டு எவனும் ஏமாத்துவான், பாத்ரூம்ல ஏமாத்த முடியாது பாத்துக்கோ."

"எம்மா, மெதுவாப் பேசேன், எல்லாரும் பாக்காக" என்றது செல்போன்.

"பாத்தா பாக்கட்டும். நீ எடுத்த மார்க்கச் சொன்னாத்தான் வெக்கம், பாத்ரூமச் சொன்னா என்ன வெக்கம்?"

தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள். "இங்க எப்படிக்கா இருக்கு?"

"பளபளன்னு இருக்கு. ஆள் பொழங்குன மாதிரியே தெரியல."

ஆள் பொழங்குன மாதிரியே தெரியல. குருவம்மாள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு முறுக்கை உடைத்துக் கொடுத்தாள். தங்கபுஷ்பத்துக்கு முறுக்கு வாயில் மண்ணாகக் கரைந்தது. இந்த அக்காவுக்கு மூக்கு இருக்கிறது. ஒரு நிமிசத்தில் மோந்துவிட்டாள், மோந்தது என்னவென்றுதான் தெரியவில்லை. அப்போது கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து, லேப் பார்க்கிற ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் வாங்க, பேரண்ட்ஸ் இங்கேயே இருங்க என்றாள். அனுசியா துள்ளி எழுந்தாள். ஃபைலை அம்மா மடியில் வைத்தாள். "எம்மா, நான் வர்றதுக்குள்ள டோக்கன் கூப்ட்டா நீ போயி ஃபைலக் குடுத்துரு. குடுத்தாப் போதும், கையெழுத்து நான் வந்து போட்டுக்கிருவேன்." ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "மேல இருக்கது அலாட்மெண்ட் ஆர்டரு, கசக்கிராத" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஓடுகிறபோது அந்தப் பின்னல் இடுப்பில் அடித்து அடித்துப் போனது. பிறந்தபோது தலையில் முடியே இல்லாத பிள்ளை.

முப்பத்திரண்டு. ஃபைல் மடியில் கனத்தது. காகிதம்தான், ஆனாலும் ஒரு குழந்தை படுத்திருக்கிற கனம். கொடுத்தால் போதும். கொடுக்கப் போகிறவள் நான். அதுவும் சரிதான், முதல் தடவை இதே கட்டடத்துக்கு என்னையே கொடுத்ததும் நான்தானே என்று நினைத்தாள். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐப்பசியில் விடாத மழை. குச்சி காயவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் மூணு நாள் லீவு. பக்கத்து வீட்டு ஆவுடைத்தங்கம் அக்கா கதவைத் தட்டினாள். ஏ புஷ்பம், ஒரு வேலை இருக்கு, காலைல வேன் வரும், சாயங்காலம் கொண்டு வந்து விட்டுருவாங்க. என்ன வேலைக்கா? சும்மா படுத்துக் கெடக்கணும், அவ்வளவுதான், கூலியும் உண்டு பிரியாணிப் பொட்டலமும் உண்டு. சும்மா படுத்துக் கிடக்கக் கூலியா? பிறந்ததிலிருந்து படுத்துக் கிடந்ததற்குத் திட்டுதான் வாங்கியிருக்கிறாள். போனாள். வேன் இந்தக் கட்டடத்துக்குப் பின்வாசலில் நின்றது. இதே பினாயில் வாசம். வரிசையாக நிற்கவைத்துப் பச்சை அங்கி கொடுத்தார்கள். ஒரு ஆள் கையில் பட்டியல் வைத்துக்கொண்டு, நீ கஸ்தூரி, வயசு நாப்பத்தெட்டு, கர்ப்பப்பை எடுத்து இன்னைக்கு மூணாவது நாள், பதினாலாம் கட்டில், யாரும் கேட்டா லேசா முனகணும், ரொம்ப முனகிறக் கூடாது என்றான். ஆவுடை அக்காவுக்குப் பட்டியலில் விழுந்தது சர்க்கரைப் புண் கால். காலில் கட்டுப் போட்டுவிட்டார்கள். எம் புருசனுக்கு வரவேண்டிய நோயி வழி தவறி எனக்கு வந்துருச்சே என்று அவள் சொல்ல, வார்டு பூராவும் நோயாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பட்டியல்காரன் ஓடி வந்து, ஏம்மா, சீரியஸா இருங்கம்மா, ஐசியூவுல இருக்கவங்களும் சிரிக்கீங்க என்றான். அதற்கும் சிரித்தார்கள். காலேஜுக்கு அங்கீகாரம் தருகிறவர்கள் பரிசோதிக்க வருகிறார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளி இருந்தால்தான் காலேஜ் நடத்தலாமாம், அதற்குத்தான் இத்தனை என்று அப்புறம்தான் புரிந்தது. புரிந்தபோதும் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் கூட்டம் காட்ட ஆள் கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரி.

அந்த மாதிரியா? அந்தக் கண்ணாடிக்கார அம்மா வராமல் இருந்திருந்தால் அந்த மாதிரியேதான் முடிந்திருக்கும். பரிசோதிக்க வந்த மூணு பேரில் ஒருத்தி, மூக்குக்கண்ணாடி, நரைத்த தலை, பருத்திப் புடவை. எல்லாரும் கடந்து போக, அவள் மட்டும் பதினாலாம் கட்டிலில் நின்றாள். எப்படிம்மா இருக்கு, வலி கொறஞ்சிருக்கா? தங்கபுஷ்பத்துக்கு முனகச் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் முனகுவதற்கு முந்தியே கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, அதனால் இருக்கலாம். பரவால்லம்மா என்றாள். அந்தம்மா தோளைத் தொட்டு, நல்லாயிருவீங்க, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுத் தாளில் எதையோ எழுதினாள். எழுதினாள். அந்தப் பேனா ஓடியதுதான் இப்போதும் கண்ணுக்குள் ஓடுகிறது. அந்த எழுத்தில்தான் இந்த ஹால், இந்தக் கண்ணாடித் தடுப்பு, மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கிற பிள்ளைகள், மடியில் இருக்கிற அலாட்மெண்ட் ஆர்டர். இல்லாத நோயைச் சொல்லிப் படுத்தால் அந்த நோய் தேடி வந்து ஒட்டும் என்பார்கள். அவளுக்கு அந்தப் பயம் ஆறு மாசம் இருந்தது. அடிவயிறு லேசாக இழுத்தாலும் கஸ்தூரி வந்துவிட்டாள் என்று நினைப்பாள். கஸ்தூரி என்று ஒருத்தி எங்கேயாவது உண்மையிலேயே இருந்தாளோ, அவளுக்கு உண்மையிலேயே எடுத்தார்களோ, அவள் பிழைத்தாளோ. வந்து ஒட்டியது அந்த நோய் இல்லை. அன்றைக்குக் கட்டில்களில் பொய்யாகப் படுத்து எழுந்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், இந்தக் கட்டடம் மட்டும் அவர்கள் மேல் நின்றுகொண்டிருக்கிறது என்கிற நினைப்பு, அதுதான் ஒட்டியது. முப்பத்திமூணு என்றார்கள். ஒரு அப்பாவும் மகளும் எழுந்து போனார்கள். அப்பா சட்டைப் பையில் ஸ்டிக்கர் பிரிக்காத பேனா.

அன்றைக்குக் கட்டிலுக்குக் கட்டில் ஒரு மாணவியை நிறுத்தியிருந்தார்கள். பதினாலுக்கு நிஷாந்தி. மூணாம் வருசம் படிக்கிற பிள்ளை, கஞ்சி போட்ட உடுப்பு, நெற்றியில் ஒரு பரு. வந்தவர்கள் சாப்பிடப் போனார்கள், அவர்கள் கிளம்புகிற வரை யாரும் எந்திரிக்கக் கூடாது என்று உத்தரவு. நேரம் போகாமல் அந்தப் பிள்ளை இவள் கையில் பட்டையைச் சுற்றி பிரசர் பார்த்தது. ஒரு தரம் பார்த்தது. மறுபடி பார்த்தது. அம்மா, ஒங்களுக்கு நெசமாவே பிரசர் இருக்கும்மா, நூத்தி எழுபது இருக்கு, சர்க்காரு ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திரை வாங்குங்க, மறந்துராதீங்க. அது கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டித்தான் தங்கபுஷ்பம் இன்றைக்கும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள். வீட்டில் கேட்டதற்கு ஊருக்குள் முகாம் போட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். அப்படியென்றால் கெட்ட காலேஜா இது? ஒரு உசிரைக் காப்பாற்றிய பிள்ளையை வளர்த்த காலேஜ்தானே? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் வண்டி மாடு மாதிரி நின்றுவிடும். பிரசர் பார்த்த பிறகு அந்தப் பிள்ளை போகவில்லை. கட்டில் கம்பியைச் சுரண்டிக்கொண்டே நின்றது. அம்மா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே. கேளு தாயி. ஒங்க கையில நரம்பு பாத்துக்கட்டுமா? குளுக்கோஸ் ஏத்துற ஊசி. நான் பொம்ம கையிலதாம்மா போட்டுருக்கேன். மூணு வருசத்துல ஆள் கையில போட்டதே இல்ல. அடுத்த வருசம் முடிச்சிருவேன், வேலைக்குப் போனா மொத நாளே போடச் சொல்லுவாங்க, எனக்கு ராத்திரியெல்லாம் அதே கனவு வருது. சொல்லும்போது அழவில்லை, ஆனால் பரு சிவந்துபோனது.

தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். யோசிக்கவில்லை. பிள்ளை கேட்கிறது, கை சும்மாதான் கிடக்கிறது. முதல் குத்து தோலுக்கும் நரம்புக்கும் நடுவில் எங்கோ போய் நின்றது. ரெண்டாவதில் ரத்தம் வந்து புடைத்துவிட்டது. மூணாவதில் பிள்ளை நிறுத்திவிட்டு, நீங்க வலிக்கலன்னு பொய் சொல்லாதீங்கம்மா, வலிச்சா வலிக்குதுன்னு சொன்னாத்தான் எனக்குத் தெரியும் என்றது. சரி, வலிக்கு என்றாள் இவள். நாலாவது குத்தில் ஊசிக்குள் கொஞ்சூண்டு சிவப்பு ஏறியது, நரம்பு கிடைத்துவிட்டது. அப்போது அந்த முகம் இருந்ததே. தலைப்பிரசவத்தில் குழந்தையைக் கையில் வாங்குகிறவள் முகம். ஆவுடை அக்கா அடுத்த கட்டிலிலிருந்து, ஏ தாயி, எனக்கும் ஒண்ணு போடு, சும்மா கெடந்து போரடிக்கு என்று கத்தினாள். பிள்ளை சிரித்துவிட்டது. வார்டில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் தங்கள் தங்கள் கட்டிலில் மெல்லக் குனிந்து எதையோ கேட்க ஆரம்பித்ததை இவள் பார்த்தாள். பொய்யாகப் படுத்திருந்தவர்கள் எல்லாரும் உண்மையாகவே கையை நீட்டினார்கள். புறங்கை பத்து நாள் கறுத்துக் கிடந்தது. கருவேல முள் என்று வீட்டில் சொன்னாள். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கும்? ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், யாரோ பெற்ற பிள்ளைக்கு ராவோடு ராவாக ஊசி போடச் சொல்லியிருப்பார்கள். அதற்கு என் கை ஒன்றுதான் படித்த பாடம். ஒரு கை போதுமா? போதாது. போதாது என்று தெரிந்துதானே அந்தப் பிள்ளைக்குக் கனவு வந்தது. என் மகளுக்கு யார் கை நீட்டுவார்கள்? அடுத்த பரிசோதனைக்கு வேன் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டுமா? முப்பத்தி நாலு. முப்பத்தஞ்சு யாரும் இல்லை. முப்பத்தாறு.

ஐயோ, ஓடுகிறதே. மிஷன் ஆஸ்பத்திரியில்தான் அனுசியா பிறந்தாள். அங்கே கட்டிலுக்கு இடம் இல்லை, தங்கபுஷ்பம் வராண்டாவில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். பக்கத்துப் பாயில் ஒருத்தி, அதற்கடுத்து ஒருத்தி, கால் வைக்க இடம் கிடையாது, மூத்திர வாடை, அழுகைச் சத்தம். ரெட்டைச் சடையும் எண்ணெய் முகமுமாக ஒரு மாணவி வந்தாள். வயசு பத்தொன்பது இருந்தால் அதிகம். கையை நீட்டுங்க, எங்க பாத்துட்டு இருக்கீங்க, நீட்டச் சொன்னா நீட்டணும் என்று அதட்டிக்கொண்டே, அந்தப் பக்கத்துப் பாய்க்காரியிடம் தண்ணீர் குடித்தாயா என்று கேட்டுக்கொண்டே, ஒரே குத்து. பார்க்கக்கூட இல்லை. கொசு கடித்த மாதிரி. பெயர்கூடத் தெரியாது, ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நிஷாந்தி தங்கமான பிள்ளை, அவளுக்கு நாலு குத்து. அந்தச் சிடுமூஞ்சிக்கு ஒன்று. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அனுசியா நோட்டில் பஸ்ஸுக்குக் கட்டம் இருக்கிறது, கேண்டீனுக்குக் கட்டம் இருக்கிறது. மூணு வாரத்துக்கு முந்தி பிரவுசிங் சென்டரில் கவுன்சிலிங்குக்கு விருப்பம் போட்டபோது மகள் கேட்டாள். எம்மா, மொதல்ல வைரமணி போடவா, ரெண்டாவது தூரத்துல இருக்குல்ல, அந்தத் திருச்செந்தூர் ரோட்டுக் காலேஜ், அதப் போடவா, இல்ல மாத்தவா? ரெண்டு தரம் கேட்டாள். சென்டர்க்காரத் தம்பி கம்ப்யூட்டர் எலியின் மேல் கையை வைத்துக்கொண்டு, லாக் பண்ணிட்டா மாத்த முடியாதுக்கா என்றான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒன் இஷ்டம் தாயி என்று சொன்னாள் இவள். பிரியாணிப் பொட்டலம் கண் முன்னால் வந்து நின்றது, அதனால். அம்மா கூலிக்குப் பொய் நோயாளியாகப் படுத்தவள் என்று மகளுக்குத் தெரிய வேண்டாம், அதனால். இன்றைக்குச் சேராவிட்டால் கவுன்சிலிங் சீட்டு போய்விடும். மிச்சம் இருப்பது மிஷன் மட்டும்தான். அவர்களும் இன்றைக்கு நாலு மணிக்குள் வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். அங்கே டிகிரி இல்லை. டிகிரி இருந்தால் அயல்நாட்டுக்கு லேசாகப் போகலாம் என்று மகள் எத்தனை நாள் சொல்லியிருப்பாள். நான் ஒரு நாள் வாயை மூடியதற்கு அவள் ஒரு டிகிரியைக் கொடுக்க வேண்டுமா? இல்லை, இன்னும் ஒரு நாள் மூடிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமே. மற்ற பிள்ளைகள் படிக்கவில்லையா? முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள் எல்லாரும் முட்டாளா?

"முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு யாரு?"

முப்பத்தேழு எப்போது போனது? தங்கபுஷ்பம் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். உள்ளே இருந்த பெண்ணுக்கு அனுசியாவைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. ஃபைலை ஓட்டைக்குள் நீட்டினாள். அந்தப் பெண் அதன் மறுமுனையைப் பிடித்தாள்.

"விடுங்கம்மா."

விடவில்லை. விரலுக்கு யாரோ பசை போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"அம்மா, ஃபைலை விட்டாத்தானே நான் பாக்க முடியும்?"

"புள்ள வரட்டும்."

"ஸ்டூடண்ட் அப்புறமா வரட்டும்மா, ஒரிஜினல்ஸ் மட்டும் குடுங்க."

"இல்லம்மா. புள்ள வரட்டும்" என்று சொல்லி வெடுக்கென்று இழுத்தாள். அலாட்மெண்ட் ஆர்டர் ஒரு ஓரத்தில் கசங்கியது. உள்ளே இருந்த பெண் உச்சுக் கொட்டிவிட்டு, அப்ப சைடுல நில்லுங்க, முப்பத்தொம்போது என்றாள். குருவம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். அந்த நேரத்தில்தான் அனுசியா மாடிப்படியில் ஓடி வந்தாள். முகம் முழுக்க வெளிச்சம்.

"எம்மா, அந்தப் பொம்ம இருக்குல்ல, மூச்சு விடுதும்மா! நெஞ்சு ஏறி எறங்குது. குடுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"இங்க படிச்சா அந்தப் பொம்மதான் ஒனக்கு. வேற யாரும் கெடையாது." தங்கபுஷ்பம் தூணை ஒட்டி நின்றுகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள். ஆரம்பித்த பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை. மழை, வேன், பச்சை அங்கி, கஸ்தூரி. கண்ணாடிக்கார அம்மா தோளைத் தொட்டது. நிஷாந்தி. நாலு குத்து. ஒன்றையும் விடவில்லை, பிரியாணிப் பொட்டலத்தைக்கூட. பேச்சு தணிந்தேதான் இருந்தது, ஆனாலும் ரெண்டடி தள்ளி நின்ற குருவம்மாளின் கை ஃபைலோடு அந்தரத்தில் நின்றுவிட்டது.

அனுசியா அம்மாவின் புறங்கையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"முள்ளுன்னு சொன்ன."

"ஆமா."

"நான்தான மஞ்சப் பத்துப் போட்டேன் அந்தக் கைக்கு. தெனமும் போட்டேன்."

"ஆமா தாயி."

"பிரவுசிங் சென்டர்ல கேட்டேன்ல. ரெண்டு தடவ கேட்டேன்லம்மா. அப்பச் சொல்லிருந்தா அந்தத் திருச்செந்தூர் ரோட்டுக் காலேஜப் போட்டுருப்பேன். டிகிரியும் கெடச்சிருக்கும், நெசமான ஆஸ்பத்திரியும் கெடச்சிருக்கும். இப்ப ரெண்டும் போச்சு. நீ வெக்கப்பட்டதுக்கு." கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. ஹாலில் சில தலைகள் திரும்பின.

 சொல்வதற்கு இருந்தது அவ்வளவுதான், அதை மகளே சொல்லிவிட்டாள். தங்கபுஷ்பம் ஃபைலை நீட்டினாள். அனுசியா அதை வாங்கினாள். ஒரு நிமிசம் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு அருகில் போய், குனிந்து, "மேடம், இன்னைக்கு ஆஸ்பத்திரியில எத்தன பேஷண்ட் அட்மிஷன்ல இருக்காங்க?" என்று கேட்டாள்.

"முந்நூறு பெட்டும்மா நம்மளது."

"பெட்டு இல்ல மேடம். ஆளு."

உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டாள். "நீங்க முப்பத்தெட்டுத்தானே? சேரலைன்னா சொல்லிருங்க, வெயிட்டிங்ல ஆள் இருக்காங்க" என்றாள், மெதுவாக.

"சேரல" என்றாள் அனுசியா. அம்மாவைப் பார்க்காமலே ஹாலைக் கடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனாள். கண்ணாடிக் கதவு ஆடி ஆடி நின்றது.

குருவம்மாள் தங்கபுஷ்பத்தின் முழங்கையைப் பிடித்தாள். "நெசமா தங்கச்சி?"

"நெசந்தான்க்கா."

குருவம்மாள் நாற்காலியில் இருந்த மகளைப் பார்த்தாள். மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; வந்ததிலிருந்து முதல் தடவையாக. "ஒம் புள்ளைக்கு இன்னொரு எடம் இருக்கு" என்றாள் குருவம்மாள். இப்போது அந்தக் குரலில் பாத்ரூம் இல்லை, சேலைக் கடை இல்லை. "எம் புள்ளைக்கு நாலு எடத்துல இல்லன்னுட்டான். அஞ்சாவது இது. நீயே சொல்லு, நான் எங்க கூட்டிட்டுப் போவேன்?"

 தங்கபுஷ்பம் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள். "சேத்துட்டீங்கன்னா, புள்ள லீவுல வீட்டுக்கு வந்தா ஒங்க கையக் குடுங்கக்கா. சுத்தமான ஊசி கொண்டு வரச் சொல்லுங்க. தெருவுல நாலு பேரு கையையும் கேட்டு வாங்குங்க. வலிச்சா வலிக்குன்னு சொல்லுங்க, அப்பத்தான் அதுக்குத் தெரியும்." சொல்லும்போதே அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. குருவம்மாள் சிரிக்கவில்லை. தன் புறங்கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டாள், புடைத்த நரம்பும் வளையல் தழும்புமாக. பிறகு கண்ணாடிக்குத் திரும்பி, ஃபைலை ஓட்டைக்குள் தள்ளினாள்.

கதவுக்கு வெளியே நாலு வழிச் சாலை. வீட்டுக்குப் போகிற பஸ் இந்தப் பக்கமே நிற்கும்; மிஷன் ஆஸ்பத்திரி வழியாகப் போகிறது எதிர்ப்பக்கம். அனுசியா சாலையைக் கடந்து, நடுவிலிருந்த அரளிச் செடிகளைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தாள். ஃபைலைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னோடு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. லாரிகள் நடுவில் போய்ப் போய் அவளை மறைத்தன, காட்டின. தங்கபுஷ்பம் ஒரு லாரி கடக்கக் காத்திருந்தாள், இன்னொன்று கடக்கக் காத்திருந்தாள். பிறகு சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு நடந்தாள்.